விலைவாசியும் நிவாரணமும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு சின்ன போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். அடையாள அட்டை, கரண்ட் பில், வதிவிடச் சான்றிதழ், அஸ்வெசும (அரசின் மாதாந்த நிவாரணக் காசு) படிவம் என்று இந்தப் பக்கத்து ஆட்களின் கடதாசியெல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேள்வியும் வரும். முக்கால்வாசி ஒரே கேள்விகள். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

தொகைகளை அந்தந்த ஆண்டைப் போட்டே எழுதியிருக்கிறேன். ஒரு வர்த்தமானி (அரச அறிவித்தல்) வந்தால் எதுவும் மாறிவிடும். அலுவலகத்துக்கு பஸ் ஏறுவதற்கு முன் 1919க்கு ஒரு கோல் எடுங்கள். அது அரச தகவல் நிலையம், தமிழிலும் பதில் சொல்வார்கள்.

பேப்பரில விலைவாசி குறைஞ்சிட்டுது எண்டு போடுறாங்கள். கடையில ஒண்டும் குறையேல்லையே?

பேப்பரில் குறைந்தது பணவீக்கம். அது விலை ஏறுகிற வேகம்தான். 100 ரூபாய்ச் சாமான் ஒரு வருடத்தில் 70 சதவீதம் ஏறி 170 ஆகிறது என்று வையுங்கள். அடுத்த வருடம் 5 சதவீதம்தான் ஏறுகிறது. பணவீக்கம் 70இலிருந்து 5க்கு வந்துவிட்டது என்று தலைப்புப் போடுவார்கள். உங்கள் கையிலிருந்து போவது 178 ரூபாய் 50 சதம்.

நமக்கு நடந்ததும் இதுதான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. பிறகு 2024 செப்டெம்பரிலிருந்து 2025 ஜூலை வரை பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழேயே இருந்தது. அதாவது முந்திய வருடத்தின் அதே மாதத்தை விட விலை கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் 2021இல் இருந்த விலைக்கு அது திரும்பி வரவில்லை, இனி வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒரு விஷயம்: அந்தச் சுட்டெண்ணுக்கு விலை எடுப்பதே கொழும்பு மாவட்ட நகர்ப்புறக் கடைகளில்தான். ஆகவே 'அது வேற ஊர்க் கணக்கு' என்று தள்ளவும் முடியாது.

ஏன் ஒரேயடியா இப்பிடி ஏறினது? கோவிட்டாலயா?

கோவிட்டும் ஒரு காரணம், சுற்றுலா வருமானம் நின்றுபோனது. அதற்கு முன்பே, 2019 கடைசியில் வற் (பெறுமதி சேர்) வரியை 15 சதவீதத்திலிருந்து 8க்குக் குறைத்ததில் அரச வருமானம் விழுந்துவிட்டது. 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்ததில் நெல் விளைச்சல் அடிவாங்கியது. டொலரை 200 ரூபாய்ப் பக்கம் பிடித்துவைத்திருந்து 2022 மார்ச்சில் கையை விட்டதும் சில வாரங்களில் அது 360 வரை போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. பருப்பு, மா, காஸ், பெற்றோல், மருந்து எல்லாம் டொலரில் வருபவை. மற்றதை நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு நடந்த இன்னொரு மாற்றத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. முன்பு மானியம் விலைக்குள்ளேயே இருந்தது. மண்ணெண்ணெய் 87 ரூபாய், யார் போனாலும் 87 ரூபாய்தான். 2022 ஓகஸ்டில் அது ஒரே இரவில் 340 ஆனது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் ஒப்பந்தம் வந்தது. அதற்குள் மின்சாரமும் எரிபொருளும் செலவுக்கேற்ற விலைக்குப் போய்விட்டன. சலுகை இனி விலையில் இல்லை, பட்டியலில் பெயர் உள்ள ஆளுக்குக் காசாகப் போகிறது. பட்டியல் என்று வந்தாலே கடதாசியும் வந்துவிடும். இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் கடதாசியைப் பற்றித்தான்.

ஒரு குடும்பத்துக்கு கொழும்புல மாசம் எவ்ளோ இருந்தா சமாளிக்கலாம்?

புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வொரு மாதமும் வறுமைக்கோட்டை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. கொழும்புதான் எப்போதும் மேலே. ஓர் ஆளுக்கு மாதம் 17,000 ரூபாயைத் தாண்டுகிறது. நாலு பேர் என்றால் 68,000க்கு மேல். அது வறுமைக்கோடு, வசதிக்கோடு இல்லை.

அந்தத் தொகையில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை கொடுத்து, பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பி, நாலு பேர் சாப்பிட முடியுமா என்று கேட்டால் நான் சிரிப்பேன். சொந்த வீடு, பின்னால் தென்னை மரம், முருங்கை மரம் இருக்கிற ஊர்க்காரருக்கும் நமக்கும் உள்ள இடைவெளி வாடகையில்தான் தொடங்குகிறது. கொழும்பில் தேங்காயும் கருவேப்பிலையும் கூடக் காசு.

எங்கம்மாகிட்ட சமுர்த்திப் புத்தகம் இருக்கு. அது இப்ப செல்லுமா? அஸ்வெசும வேறயா?

வேறு. சமுர்த்தி பழைய நிவாரணத் திட்டம், 1995இல் வந்தது. மாதாந்தக் காசு கொடுக்கிற வேலையை 2023 ஜூலையிலிருந்து அஸ்வெசும எடுத்துக்கொண்டது. அதை நடத்துவது நலன்புரி நன்மைகள் சபை. சமுர்த்தி வங்கி, அதிலுள்ள சேமிப்பு, கடன் எல்லாம் அப்படியே இருக்கின்றன, புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள். ஆனால் சமுர்த்தி எடுத்தவர் என்பதற்காக அஸ்வெசும தானாக வராது. புதிதாக விண்ணப்பித்துத் தெரிவாக வேண்டும். இதைத் தெரியாமல் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு.

அஸ்வெசும எவ்வளவு கிடைக்கும்? எவ்வளவு காலத்துக்கு?

தொடங்கும்போது நான்கு வகை: இடைநிலைக் குடும்பத்துக்கு 2,500, பாதிக்கப்படக்கூடிய குடும்பத்துக்கு 5,000, வறிய குடும்பத்துக்கு 8,500, மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாய். 2025 ஜனவரியிலிருந்து கடைசி இரண்டும் 10,000, 17,500 என்று உயர்ந்தன. காசு வங்கிக் கணக்குக்கு வரும். மக்கள் வங்கி, இலங்கை வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி ஆகியவற்றில் ஒன்றில் கணக்கு இருந்தால் பிரச்சினையில்லை.

முதல் இரண்டு வகையும் ஆரம்பத்திலிருந்தே குறுகிய காலத்துக்கானவை. வர்த்தமானி போட்டுப் போட்டு நீட்டினார்கள். ஆகவே 'போன வருசம் வந்தது, இந்த வருசம் நின்றுபோச்சு' என்றால் முதலில் நீங்கள் எந்த வகை என்று பாருங்கள். தவறு நடந்திருக்கவேண்டும் என்றில்லை, காலம் முடிந்திருக்கலாம். கேட்கிற இலக்கம் 1924.

நாங்க ஹட்டன்ல இருந்து வந்து கிராண்ட்பாஸ்ல வாடகைக்கு இருக்கோம். ஓட்டு அங்க. எங்க விண்ணப்பம் போடறது?

இப்போது குடியிருக்கிற கிராம உத்தியோகத்தர் பிரிவில். கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, மட்டக்குளி எல்லாம் கொழும்புப் பிரதேச செயலகத்துக்குள் வரும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்குத் திம்பிரிகஸ்யாய. யாழ்ப்பாணம், பதுளை, மன்னார் என்று எங்கிருந்து வந்தவருக்கும் இதே பதில்தான்.

விண்ணப்பத்தைவிட, நீங்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று காட்டுவதுதான் கஷ்டம். வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார், கரண்ட் பில் அவர் பெயரில், கிராம சேவகருக்கு உங்கள் முகமே தெரியாது. ஆகவே வீடு மாறிய முதல் மாதமே கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். அவசரம் வந்த பிறகு போனால் 'இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்' என்ற கேள்விதான் முதலில் வரும். பிள்ளையின் பாடசாலைக் கடிதம், கிளினிக் கொப்பி, உங்கள் முகவரிக்கு வந்த வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வாடகைக்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்குகிற பழக்கம் கொழும்பில் குறைவு. வெட்கப்படாமல் கேளுங்கள்.

எங்கட பேர் பட்டியல்ல இல்லை. பக்கத்து வீட்டில கார் நிக்குது, அவைக்குக் கிடைச்சிருக்கு. இது என்ன நியாயம்?

பக்கத்து வீட்டுக் காரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். தெரிவு நடப்பது கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பக்கங்களில் 22 அளவுகோல்களுக்குப் புள்ளி போட்டு. வருமானம் மட்டும் குறைவாக இருந்தால் போதாது. இந்த முறை நகரத்து ஏழைக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம். சுவர் சீமெந்து, தண்ணீர்க் குழாய், மலசலகூடம் உள்ளே, ஒரு டீவி. படிவத்தில் நல்ல வீடாகத் தெரியும். அந்த ஒரே அறையில் ஏழு பேர் படுப்பதும் வாடகை மூன்று மாதம் நிலுவையில் இருப்பதும் அவ்வளவு எளிதாகப் படிவத்தில் ஏறாது.

பட்டியல் வெளியிட்டதும் மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் ஒரு காலம் கொடுப்பார்கள். அதற்குள் எழுத்தில் போடுங்கள். 'நாங்கள் ஏழை, உதவி செய்யவும்' என்று எழுதினால் பயனில்லை. எந்தத் தகவல் தவறாகப் பதியப்பட்டது என்று எழுதவேண்டும்: 'வீடு சொந்தம் என்று பதிந்துள்ளது, வாடகை வீடு, ரசீது இணைப்பு 1.' ஒரு பிரதி உங்களிடம், அதில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும். முத்திரை இல்லாத பிரதி வெறும் கடதாசி.

அண்ணா லண்டனில இருந்து மாசாமாசம் காசு போடுறார். அதை எழுதத்தான் வேணுமோ?

எழுதுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்து, பக்கத்திலும் விசாரித்துத்தான் பதிவார்கள். வங்கிக் கணக்கும் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில்தான் இருக்கிறது. அண்ணா அனுப்புவது எப்போதாவது வருகிற 20,000 என்றால் அப்படியே சொல்லுங்கள். மாதாமாதம் நல்ல தொகை வருகிறதென்றால், உண்மையைச் சொன்னால், இந்த உதவி உங்களுக்கானது இல்லை.

அம்மாவுக்கு 74 வயசு. தம்பிக்கு நடக்க ஏலாது. அதுக்குத் தனியா ஏதும் இருக்கா?

இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான கொடுப்பனவு 3,000இலிருந்து 5,000 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் 7,500 என்பது 10,000 ஆனது. முதியோர் தொகைக்கு வயது 70 கடந்திருக்கவேண்டும். பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பிரிவில் கேளுங்கள், அஸ்வெசும மேசையில் நின்றுகொண்டிருக்க வேண்டாம். மருத்துவச் சான்றிதழ் அரச வைத்தியசாலையில் எடுத்ததாக இருக்கட்டும்.

போன மாசம் கரண்ட் பில் 500. இந்த மாசம் ஆயிரத்துக்கு மேல. மீட்டர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. 60 அலகைத் தாண்டியிருப்பீர்கள். நம் வீட்டுக் கட்டணத்தில் 60 ஒரு சுவர். அதற்குள் நின்றால் ஒரு விலைப்பட்டியல். ஒரு அலகு கூடினாலும் முதல் அலகிலிருந்தே வேறு பட்டியல்.

2025 ஜனவரிக் கட்டணத்தை எடுத்துப் பாருங்கள். 60 அலகுக்கு முதல் 30க்கு 4 ரூபாய் வீதம் 120, அடுத்த 30க்கு 6 ரூபாய் வீதம் 180, நிலையான கட்டணம் 200. மொத்தம் 500. அதே வீட்டில் 61 அலகு வந்தால் முதல் 60க்கும் 11 ரூபாய் வீதம் 660, அடுத்த ஒன்றுக்கு 14, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,074. ஒரு அலகுக்கு 574 ரூபாய்! அந்த ஆண்டு ஜூனில் கட்டணம் 15 சதவீதம் ஏறியது, சுவர் அதே இடத்தில்தான். 90, 120, 180 ஆகிய இடங்களிலும் நிலையான கட்டணம் குதிக்கும்.

ஆகவே மாத நடுவில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். மீட்டர் பார்க்கிறவர் பிந்தி வந்தால் பயப்படவேண்டாம், நாட்களின் எண்ணிக்கைக்கேற்ப அந்த எல்லைகளும் நீளும். இஸ்திரிக்கையும் தண்ணீர் சூடாக்குவதையும்தான் முதலில் கட்டுப்படுத்தவேண்டும். போன் சார்ஜருக்காகப் பிள்ளைகளை ஏசுவதில் மிச்சமில்லை.

வீட்டுக்காரர் மூண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். பில்லைப் பிரிச்சுத் தாறார். ஏன் இவ்வளவு வருது?

மேலே சொன்ன அதே சுவர், மூன்று மடங்கு உயரத்தில். மூன்று குடும்பமும் தலா 50 அலகு என்று வையுங்கள். தனித்தனி மீட்டராக இருந்தால் அதே 2025 ஜனவரிக் கட்டணத்தில் ஆளுக்கு 440, மூவருக்கும் 1,320. ஒரே மீட்டரில் 150 அலகாகச் சேர்ந்தால் 660, 420, 600, 990, நிலையான கட்டணம் 1,500 என்று 4,170 வரும். வீட்டுக்காரர் ஒரு சதம்கூட எடுக்கவில்லை, ஆனாலும் உங்கள் பங்கு 1,390.

வெள்ளவத்தை அனெக்ஸ்களில் இது சாதாரணம். தனி மீட்டருக்கு வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். பழைய வீட்டில் அதைப் பெறுவது கஷ்டம்தான். புது வீடு பார்க்கும்போது வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே மீட்டர் தனியா என்று கேளுங்கள். 2,000 ரூபாய் வாடகை குறைவான வீடு, ஒரு ஏசி வைத்திருக்கிற மேல்மாடிக்காரரோடு மீட்டரைப் பகிர்ந்தால், அதைவிடக் கூடுதலாக விழுங்கும். சப் மீட்டர் போட்டு அலகுக்கு இவ்வளவு என்று தட்டையாக வாங்குகிறவர்களும் உண்டு. அப்போது பெரிய பில்லின் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணி பில்லுக்கும் இதே மாதிரியா?

அதுவும் பாவனை கூடக் கூட வீதம் ஏறுகிற கட்டணம்தான். நிவாரணம் பெறும் குடும்பங்களுக்கும் தோட்டக் குடியிருப்புகளுக்கும் நீர் வழங்கல் சபையில் குறைந்த கட்டண வகை இருக்கிறது. கொழும்பில் 'வத்தை' என்று சொல்கிற இடங்கள்தான் அந்தத் தோட்டக் குடியிருப்பு. பில்லில் உங்கள் வகை என்னவென்று பாருங்கள், தானாக மாற்றித் தரமாட்டார்கள்.

அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலைன்னு சொல்றாங்க. கடைக்காரர் கூட எடுத்தா என்ன செய்யலாம்?

2024 டிசம்பரில் நிர்ணயித்த சில்லறை விலை கிலோவுக்கு வெள்ளைப் பச்சை 220, நாட்டரிசி 230, சம்பா 240, கீரிச் சம்பா 260. அதிகபட்ச சில்லறை விலை போட்ட பொருளைக் கூட்டி விற்பது குற்றம். 2021 திருத்தச் சட்டத்தின் பிறகு தனி ஆளின் கடைக்கு முதல் தடவையே ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் வரை தண்டம், கம்பனிக்கு ஐந்து இலட்சத்திலிருந்து ஐம்பது இலட்சம் வரை. முறைப்பாடு நுகர்வோர் அதிகார சபைக்கு, இலக்கம் 1977. பில் இருந்தால்தான் பேச்சுக்குப் பலம். தண்ணீர்ப் போத்தலுக்கும் 2025இல் விலை வைத்தார்கள்: 500 மில்லிலீற்றர் 70 ரூபாய், ஒரு லீற்றர் 100. பஸ் நிலையத்தில் வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

பாணுக்கு விலையைவிட நிறையைப் பாருங்கள். முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் இருக்கவேண்டும். முழுப் பாணில் 13.5 கிராம், அரைப் பாணில் 9 கிராம் வரை குறைந்தால் மன்னிப்பு, அதற்குமேல் இல்லை.

ஆனால் உங்கள் தெருமுனைச் சில்லறைக்கடைக்காரர் மேல் முறைப்பாடு போடுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். மாதக் கடைசியில் கொப்பியில் எழுதிக் கடன் தருகிறவர் அவர்தான், சூப்பர் மார்க்கெட் தராது. கையில் காசு உள்ள வாரத்தில் பருப்பு, சீனி, வெங்காயத்தைப் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலோ அரச கடையான சதொசவிலோ இரண்டு மூன்று வீடாகச் சேர்ந்து வாங்குங்கள். மரக்கறிக்கு நாரஹேன்பிட்டி பொருளாதார மத்திய நிலையம் பரவாயில்லை. மொத்த மரக்கறிச் சந்தையான மெனிங் மார்க்கெட் பேலியகொடைக்குப் போனபின் ஓட்டோக் காசைச் சேர்த்தால் சின்னக் குடும்பத்துக்கு அங்கே போய் மிச்சமில்லை.

பில்லில வற், சேர்விஸ் சார்ஜ் எண்டு போட்டு வாங்கிறாங்கள். எல்லாம் அரசாங்கத்துக்கோ?

2024 ஜனவரி 1 முதல் வற் 18 சதவீதம். அன்றைக்குத்தான் காஸும் எரிபொருளும் விலக்குப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. அரிசி, பாண், மரக்கறி, பழம், பஸ் கட்டணம் ஆகியவற்றுக்கு வற் இல்லை. 2025 ஏப்ரலில் உள்ளூர்ப் பசும்பாலுக்கும் யோகட்டுக்கும் எடுத்துவிட்டார்கள். வற் பதிவில்லாத கடை வற் என்று எழுதி வாங்க முடியாது. பதிவு இலக்கம் பில்லில் இருக்கவேண்டும். சேர்விஸ் சார்ஜ் வரி இல்லை, சாப்பாட்டுக்கடை எடுப்பது.

மகன் கடையில வேல. கையில 24,000 குடுக்காங்க, இ.பீ.எஃப். இல்லன்னு சொல்றாங்க. சரியா?

இரண்டுமே சரியில்லை. தேசிய குறைந்தபட்ச சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 27,000, நாளுக்கு 1,080. 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000, நாளுக்கு 1,200. கடை சின்னது, பெடியன் புதுசு என்பதெல்லாம் காரணமாகாது.

இ.பீ.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும், வேலை தொடங்கிய முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும். தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம். முறைப்பாடு தொழில் திணைக்களத்தில், தலைமையகம் நாரஹேன்பிட்டியில். வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதனால் முதலில் சத்தமில்லாமல் சம்பளச் சீட்டு, வரவுப் பதிவு, வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அரசாங்கம் என்ன தருகிறது?

பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் இலவசம். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சாப்பாடு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் உதவித்தொகையை 2025இல் 750இலிருந்து 1,500 ஆக்கினார்கள். பல்கலைக்கழகம் போனால் மகாபொல உதவித்தொகை, 5,000 என்பது 2025இல் 7,500 ஆனது.

ஆனால் கொழும்பு வீடுகளில் காசு போகும் வழி டியூஷன். அதற்கு எந்தத் திட்டமும் கிடையாது. ஐந்து பாடத்துக்கு ஐந்து வகுப்பு அனுப்புவதைவிட, பிள்ளை உண்மையில் தடுமாறுகிற இரண்டுக்கு அனுப்பலாம் என்பது என் கட்சி. தாய்மார் ஒத்துக்கொள்வதில்லை.

மருந்துச் செலவுதான் தாங்க முடியல. என்ன வழி?

மாதாமாதம் எடுக்கிற பிரஷர், சீனி மருந்தை அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்கு மாற்றுங்கள். காலை 6 மணிக்கு வரிசையில் நிற்கவேண்டும், காசு இல்லை. அங்கே இல்லாத மருந்தை வெளியில் எழுதித் தந்தால் முதலில் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் கேளுங்கள். பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

காசு முட்டுப்பட்டா நகை அடகா, கிரெடிட் கார்டா?

நகை, அதுவும் வங்கியில். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி விதித்த உச்சத்தில் வங்கி அடகு வருடத்துக்கு 18 சதவீதம், கார்டுக்கு 28. அந்த இடைவெளியே பதில் சொல்லும். கார்டில் ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் வட்டிதான் கட்டுகிறீர்கள், முதல் அப்படியே நிற்கும். தனியார் அடகுக்கடையில் வட்டியை மாதக் கணக்கில் சொல்வார்கள். 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று 12ஆல் பெருக்கிப் பாருங்கள்.

தங்கம் விலை ஏறினால் அதே வளையலுக்குக் கூடத் தருவார்கள். 'முழுத்தொகையும் எடுங்க அக்கா' என்பார்கள். தேவையானதை மட்டும் எடுங்கள், கூடுதலாக எடுத்தால் மீட்பதும் அவ்வளவுக்குக் கஷ்டம். வங்கியோ நிதிக் கம்பனியோ சொன்னதுக்கு மாறாக நடந்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் 1935.

எங்களைப் போல நடுவில இருக்கிறவைக்கு ஒண்டுமே இல்லையோ? அஸ்வெசுமவும் இல்லை, காசும் இல்லை.

மாதாந்தக் காசு இல்லை. விலையிலிருந்து சலுகை எடுபட்டபோது (மண்ணெண்ணெய்க் கணக்கை மேலே பாருங்கள்) அதிகம் அடிவாங்கியது இந்த நடு வகைதான், அவர்களைப் பற்றி எந்தப் படிவமும் கேட்பதில்லை. உங்களுக்கு இருப்பவை எல்லாம் தேடிப்போய் எடுக்கவேண்டியவை.

சம்பளத்துக்கு வரி 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 தாண்டினால்தான், முன்பு 100,000. சம்பளச் சீட்டில் சரியாக வெட்டுகிறார்களா என்று பாருங்கள். பெற்றோரின் நிலையான வைப்பு வட்டியில் வங்கி 10 சதவீதம் பிடிக்கும். அவர்களின் மொத்த வருமானம் வருடத்துக்கு 18 இலட்சத்துக்குள் என்றால் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதை நிறுத்தலாம். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் வேண்டும், வருடாவருடம் கொடுக்கவேண்டும். இதைச் செய்யாமல் விடுகிற ஓய்வூதியக்காரர்கள்தான் என் கடையில் அதிகம். ஊழியர் சேமலாப நிதியத்தில் பத்து வருடம் கட்டி, மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்தால் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதம் எடுக்கலாம். அது உங்கள் முதுமைக் காசு. மருத்துவத்துக்கு எடுங்கள், ஓடு மாற்ற எடுப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

ஒஃபிஸ்ல எல்லாம் சிங்களத்துல பேசறாங்க, படிவமும் சிங்களம். தமிழ்ல குடுத்தா எடுப்பாங்களா?

எடுக்கவேண்டும். தமிழும் அரச கரும மொழி, அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. தமிழ்ப் படிவம் கேளுங்கள், பெரும்பாலும் அலுமாரிக்குள் இருக்கும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் எந்த நாள் வருவார் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

விளங்காத படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். 'இங்க ஒரு சைன் வைங்க' என்று காட்டினால், வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பித் தருகிறேன் என்று சொல்லுங்கள். வாசித்துக் காட்ட ஆள் இல்லையென்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு பூட்டு, மற்ற நாட்களில் இரவு 8 மணி வரை இருப்பேன். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுங்கள், தனித்தனியாக எடுத்தால் திருப்பி அனுப்புவார்கள்.